நடவு வயலில் ஒரு கள்ளி

எனக்குப் படிப்பு ஏறவில்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டே ஒரு வருடத்தை ஓட்டினார். ஆனால் தண்ணீர் விட்டால் செடி வளரும் என்பது எனக்குத் தெரியும். கீழ்வேளூர்ப் பக்கம் எருமைக்குக்கூட அது தெரியும்.

அத்தா, எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சவுதியில் ஒரு செடிப் பண்ணையில் வேலை பார்த்தார். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது லீவில் வந்தவர், துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் ஒரு உருண்டைக் கள்ளியைக் கொண்டுவந்தார். அம்மாவுக்கு வாங்கிய சேலை முழுக்க முள்.

"இலை எங்கத்தா?" என்று கேட்டேன்.

"முள்ளுதான் இலை. அகலமா விட்டா வெயில் தண்ணியெல்லாம் உறிஞ்சிரும்னு குறுக்கிக்கிச்சு. மழை பேஞ்சா வயிறு முட்டக் குடிச்சு வச்சுக்கும், இந்த மடிப்பெல்லாம் விரியும். தண்ணி இல்லன்னா சுருங்கிக்கிட்டு, வளராமக்கூட கெடக்கும்."

"பாவம்த்தா."

"என்ன பாவம்? உசுரோடதானே இருக்கு. மாசத்துக்கு ஒரு மூடித் தண்ணி போதும். அதுக்கு மேல ஊத்திறாத."

கிளம்புகிற அன்று அவர் காலைக் கட்டிக்கொண்டு, எப்போது திரும்பி வருவீர்கள் என்று அழுதேன். அத்தா கள்ளியைக் காட்டினார். "இது பூக்குறப்ப வந்துர்றேன். அப்புறம் போகவே மாட்டேன்."

மற்றதெல்லாம் மறந்துவிட்டது. அது மட்டும் மண்டையில் ஏறியது.

ஒரு மாதம் பார்த்தேன். கள்ளி அசையவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்து, எங்கள் வயலில் நடவு தொடங்கியது. நேற்று நட்ட நாற்றெல்லாம் நிமிர்ந்து நிற்க, இது மட்டும் ஒரு மூடித் தண்ணீரில் தூங்கினால் எப்படிப் பூக்கும்? தொட்டியிலிருந்து பிடுங்கி, வயல் மூலையில் சேற்றில் நட்டேன்.

நடவுக்கு வந்த அக்கா ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி, பலாப்பிஞ்சை நடுற?"

"இது பூத்தா எங்கத்தா வந்துருவாங்க."

"அப்ப நல்லா நடுடி, சீக்கிரம் வரட்டும்!" என்று அவள் குலவையிட, வரிசை முழுக்கக் குலவையிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரத்தில் கள்ளி சாய்ந்தது. தொட்டேன், விரல் உள்ளே போனது. அழுகிய பூசணி நாற்றம். யாருக்கும் தெரியாமல் வரப்போரம் புதைத்துவிட்டு வந்து, அழுதுகொண்டே சாப்பிட்டேன். சாப்பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தா போன் செய்தார். "கள்ளி எப்படிம்மா இருக்கு?"

"பூத்துருச்சுத்தா. மஞ்சளா, ரெண்டு பூ."

 



"ரெண்டு பூவா... சரிம்மா. அம்மாக்கிட்ட குடு."

அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே போய், காலித் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

அந்த ஜாதிக் கள்ளி பூக்க இருபது வருடம்கூட ஆகும் என்று போன மாதம்தான் ஒரு நர்சரிக்காரர் சொன்னார். அன்று நான் அறிந்ததெல்லாம், பூத்தாயிற்று என்று சொல்லியாயிற்று, வாக்குக் கொடுத்தவர் இனி வந்துதானே ஆகவேண்டும் என்பதுதான். ஓடிப்போய் அத்தாவின் செருப்பைத் தேய்த்துக் கழுவி, வாசலில் ஜோடியாக வைத்தேன்.

அம்மா அதைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோல் செருப்பை நனைத்துவிட்டேன் என்று கோபம் போலிருக்கிறது என நினைத்துக்கொண்டேன்.