ஒரெஸ்தே எழுதிய நாலாவது வரி

எங்கள் ஊரான லூகோவில் பழைய ஃபியட் ஐந்நூறு கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரெஸ்தேயைத் தெரியும். பாதிப்பேருக்கு அவர்மேல் கோபமும் உண்டு. தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதங்களை முகவரிவாரியாகப் பிரித்தவர். பெயர் தப்பாக இருந்தால் எதுவும் போய்ச் சேராது என்பார். ஓய்வு பெற்றதும் அந்தக் கொள்கையை எங்கள் கார் சங்கத்தின் தலையில் கட்டினார்.

மே மாதம் சதுக்கத்தில் கார்களை வரிசையாக நிறுத்துவோம். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. அதில் காரின் பெயர், வருடம், பிற்பாடு செய்த மாற்றம், அதைச் செய்தவர் என நாலு வரி. ஒரெஸ்தே முன்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே பொறித்திருக்கும் வண்டி எண்ணைப் பூதக்கண்ணாடியால் படித்து, கையேட்டில் சரிபார்த்த பிறகே பேனாவைத் திறப்பார். ஒருமுறை என் காரை ஆசையாகத் 'தொப்பொலீனோ' என்றேன். சுண்டெலி என்று அர்த்தம்.

"அது உங்க தாத்தா காலத்து வண்டியோட பேரு. இதைப் போய் அப்படிக் கூப்பிட்டா, நானும் உன்னைத் தாத்தான்னு கூப்பிடுவேன்" என்றார். நான் பெண் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவரிடம் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டவர் முடிதிருத்தும் நேவியோ. அவருடைய கார் 'எஃப்', அதாவது சாதாரண வகை. சொகுசு வகையான 'எல்'லின் பம்பரைப் பூட்டிக்கொண்டு, எல் என்றே சொல்லித் திரிந்தார்.

"பாத்தா எல் மாதிரிதானே இருக்கு? அப்புறம் என்னய்யா?"

"மீசை ஒட்டிக்கிட்டா நீ உங்கப்பன் ஆயிடுவியா?"

அட்டையில் எஃப் என்றுதான் விழுந்தது. மாற்றம்: பம்பர். செய்தவர்: நேவியோ. ஊரே பார்த்துச் சிரித்ததை நேவியோ பதினொரு வருடமாக மறக்கவில்லை.

ஒரெஸ்தேயின் கார் எல். எழுபத்தொன்றில், கல்யாணத்தன்று, மணப்பெண் லேடாவே தேவாலய வாசலுக்கு ஓட்டிவந்து அவருக்குக் கொடுத்த பரிசு. அதன் எண்ணை யாரும் பார்த்ததில்லை. அவரும்தான்.

இந்த வருடம் நேவியோ எழுந்து, "சோதிக்கிறவரு வண்டியையும் சோதிக்கணும்" என்றார். எல்லோரும் கை தூக்கினோம். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

ஒரெஸ்தே சிரித்துக்கொண்டே முன்மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியை நேவியோவிடம் நீட்டினார். "எல்னா எப்படி இருக்கும்னு நல்லாப் பாத்துக்கோ."

நேவியோ எண்ணை உரக்கப் படித்தார். ஒரெஸ்தே கையேட்டைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"என்னய்யா போட்டிருக்கு? சொல்லு."

"எஃப்" என்றார் ஒரெஸ்தே, அடங்கிய குரலில். பிறகு, "நம்பரைத் தப்பா அடிச்சிருப்பாங்க" என்றார். நாங்கள் எல்லோரும் அவரிடம் ஒருமுறையாவது சொல்லிப் பார்த்த அதே சாக்கு. சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். வந்தபோது எனக்குப் பாவமாக இருந்தது.

சதுக்கத்து ஓரத்தில் பியாதீனா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த லேடா மாவுக் கையோடு வந்தாள்.

"நம்பர் சரிதான். வண்டி எஃப்தான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"வாங்கினதே நான்தானே! எல்லுக்கு ஆறு மாசம் காத்திருக்கணும்னாங்க. கல்யாணத்துக்கோ ஆறே வாரம். நீ தூக்கத்துல கூட எல், எல்னு உளறுறேன்னு உங்கம்மா வேற சொன்னாங்க. மரத்துல மோதின எல் ஒண்ணு கெடச்சுது. அதோட டாஷ்போர்டு, சீட்டு, பம்பர் எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா நானே கழட்டி இதுல மாட்டினேன். நகமெல்லாம் பேந்துபோச்சு. கல்யாணத்துல கையுறையைக் கழட்டாம நின்னேனே, ஸ்டைலுன்னா நெனச்சே?"

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ பூதக்கண்ணாடி வாங்கிட்டே."

சதுக்கமே வெடித்துச் சிரித்தது. ஒரெஸ்தே மட்டும் சிரிக்கவில்லை. நேவியோவுக்கே மனசு இளகிவிட்டது. "எல்னே எழுதிக்கய்யா. நாங்க கண்டுக்க மாட்டோம்."

"பேருன்னா பேருதான்!" என்று சீறிவிட்டு ஒரெஸ்தே பேனாவைத் திறந்தார். ஃபியட் ஐந்நூறு எஃப். 1971. மாற்றம்: டாஷ்போர்டு, இருக்கைகள், பம்பர். நாலாவது வரிக்கு நெடுநேரம் பிடித்தது. செய்தவர்: லேடா, எனக்காக.

பிறகு நேவியோவிடமிருந்து பூதக்கண்ணாடியை வாங்கி, லேடாவின் மாவுக் கையைப் பிடித்து, ஒவ்வொரு நகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"விடு, ரொட்டி கருகுது" என்றாள் லேடா.

"கருகட்டும்" என்றார் நேவியோ.