வரிசை எழுதிய மருதாசலம்

மருதாசலத்துக்குக் கபடி ஆட வராது. சின்ன வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிவிட்டது. ஆனால் கோவைக்குக் கிழக்கே ஒரு பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆலை அணியோடு ஊர் ஊராகப் போய், ஆங்கிலத்தில் இருந்த விதிப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து மனப்பாடம் செய்துவிட்டார். பிறகு எங்கே போட்டி நடந்தாலும் வரிசை எழுத அவரைக் கூப்பிட்டார்கள்.

வரிசை எழுதுவது சின்ன வேலைதான். அவுட் ஆன ஆட்கள் தங்கள் அணிக்குரிய இடத்தில், கோட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். எதிரணியில் ஒருவர் அவுட் ஆனால் இங்கே ஒருவர் உள்ளே போகலாம். முதலில் வெளியே வந்தவர் முதலில் போக வேண்டும். அணிக்கு ஒருவராக இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுதிக்கொள்வார்கள்.

மருதாசலத்தின் அப்பா, தான் வேலை செய்த தோட்டத்துக்காரர் முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மருதாசலமோ அப்படிப்பட்ட தோட்டத்துக்காரர்களின் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உட்கார், எழுந்து போ என்றார். அவர்களும் கேட்டார்கள். விதியிலிருந்து ஒரு நூல் பிசகினால் என்ன பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பிசகியதே இல்லை.

1994 மே மாதம், வெள்ளகோவில் பக்கம் ஒரு பெண்கள் போட்டி. சத்தியமங்கலம் பகுதியிலிருந்து வந்திருந்த பள்ளி அணியில் மெர்சி என்று ஒரு பெண் ஆடினாள். அந்த அணிக்கு வரிசை எழுதியவர் மருதாசலம். பன்னிரண்டாவது எழுதி முடித்தவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கோவைக் கல்லூரி ஒன்றில் இடமும் விடுதிச் சாப்பாடும் கிடைக்கும் என்று அவளுடைய விளையாட்டு ஆசிரியை கோமளா சொல்லியிருந்தார். ஜூனில் அதற்கான ஆட்டத் தேர்வு. வீட்டில் அதுவரை யாரும் பத்தாவது தாண்டியதில்லை.

இறுதி ஆட்டத்தின் பிற்பாதியில் மெர்சி கபடி பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். மூன்று பேர் சேர்ந்து கணுக்காலைப் பிடித்து இழுத்தார்கள். மல்லாந்து விழுந்தாள். தண்ணீர் தெளித்து இறுகியிருந்த தரையில் பின்மண்டை மோதிய சத்தம் மருதாசலத்துக்குக் கேட்டது. அவள் எழுந்தாள், பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள், நேராக நடந்துபோய் எதிரணிக்காரர்களின் வரிசையில் கடைசியாக உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“ஏனுங்க, அம்மணி இப்பவே மாமியா ஊட்டுக்குப் போயிருச்சுங்கோவ்!”

“சீர் செஞ்சு அனுப்புங்கப்பா!”

மருதாசலமும் சிரித்தார். காலை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், “நம்ம எடம் அங்கெ கண்ணு, வா” என்று அழைத்து வந்தார். கூடவே நடந்த மெர்சி அவரைப் பார்த்துக் கேட்டாள்:

“அண்ணா, ஆட்டம் ஆரம்பிச்சாச்சுங்களா?”

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண் அவர் மேல் இருந்ததே தவிர, அவரைப் பார்க்கவில்லை. அவர் அவளை உட்காரவைத்து, மூன்றாவது இடத்தில் பெயரை எழுதினார். சற்று நேரத்தில் அணித் தலைவியும் அவுட் ஆகி அவளுக்கு அடுத்து வந்து உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அடுத்தது மெர்சி. நடுவரைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணுக்கு அடி பட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். கோமளாவிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் மெர்சியை விலக்கினால் தலைவி முன்கூட்டியே உள்ளே வந்துவிடுவாள். இரண்டு புள்ளிதான் வித்தியாசம். மெர்சியும் அவரைப் போலவே காலனியிலிருந்து வந்தவள். சொந்தச் சனத்துக்காகத் தலைவியை முன்னால் விட்டான் என்று கூட்டம் முடிச்சுப் போட்டுப் பேசாதா? ஒரு மூச்சு இழுத்து விடும் நேரத்துக்குள் இவ்வளவும் மனத்தில் ஓடியது. அதற்குள் நடுவர் கை காட்டிவிட்டார்.

“மெர்சி, உள்ள போ.”

அவள் போனாள். மூன்றாவது நிமிடத்தில் பிடிக்கப் பாய்ந்தபோது, கூட ஆடியவளின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் பட்டது. இந்த முறை உடனே எழுந்திருக்கவில்லை. சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார்கள். “வெயிலுங்க, காலைல சரியாச் சாப்பிடல” என்றார் கோமளா. கோப்பை அவர்களுக்கே கிடைத்தது. வேனில் ஏறும் முன் மெர்சி இரண்டு தடவை வாந்தி எடுத்ததை மருதாசலம் தூரத்தில் நின்று பார்த்தார்.

ஒரு வாரம் கழித்து ஆலைத் தொழிலாளர்களுக்கான மருந்தகத்தில், கால்வலிக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில், யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

“மண்டையில அடிபட்டுக் குழம்பினவங்களை அன்னைக்கே திரும்ப ஆடவிடக் கூடாது. ஆறதுக்குள்ள மறுபடி பட்டா ஆளே போயிடலாம்.”

“எப்ப ஆறுமுங்க?”

“சிலருக்குப் பத்து நாள். சிலருக்கு மாசக்கணக்கு. வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. யாருக்கு?”

“தெரிஞ்ச புள்ளைங்க” என்றார் மருதாசலம்.

வீட்டில் மனைவி செவ்வந்தியிடம் மட்டும் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டே, “நீங்களா தள்ளிவிட்டீங்க? ஆட்டம்னா அடி படத்தான் செய்யும்” என்றாள். அவர் மேல் உள்ள பிரியத்தில் சொன்னதுதான்.

ஜூன் இரண்டாம் வாரம் கோவையில் தேர்வு நடந்தது. பெயர் பதியும் மேசையில் அவரும் இருந்தார். மெர்சி தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு வேப்பமர நிழலை விட்டு நகராமல் நின்றாள். அவரைக் கண்டதும் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டாள்.

“அண்ணா, வெள்ளகோயில்ல நடந்ததை இங்க சொல்லிப்போடாதீங்க.”

“இன்னும் வலிக்குதா அம்மணி?”

“வெயில் பட்டா மட்டுந்தானுங்க. இப்பத் தேவலை.”

“எந்த பஸ்ல வந்தீங்க?”

அவள் சட்டென்று இடது உள்ளங்கையைப் பார்த்தாள். அதில் பேனாவால் எழுதியிருந்தது: பஸ் எண், மைதானத்தின் பெயர், அவளுடைய வரிசை எண். வேர்வையில் மை கலங்கியிருந்தது. அவர் பார்ப்பதைக் கண்டு கையை மூடிக்கொண்டாள்.

“இன்னைக்கு ஒரு நாளுங்கண்ணா. இந்த சீட்டு இல்லைன்னா எங்கூட்டுல படிக்க வைக்க முடியாது. ஒரே ஒரு நாள்.”

மருதாசலம் மேசைக்குத் திரும்பினார். பெயர்ப் பட்டியலில் மெர்சி பதினேழாவது. பதினாறாவது பெண் ஆடி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து தேர்வாளர்களிடம் போய்ச் சொன்னார். அவள் தலையில் பட்ட இரண்டு அடியையும் சொன்னார். அவள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்ததையும் அதற்குப் பிறகு தான் அவளை உள்ளே அனுப்பியதையும்கூடச் சொன்னார்.

டாக்டர் சான்றிதழோடு அடுத்த வருடம் வரட்டும் என்றார்கள். அடுத்த வருடம் என்பது மெர்சியின் வீட்டில் இல்லாத ஒன்று என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கோமளா எல்லோர் முன்னாலும் கேட்டார். “அன்னைக்கு உள்ள போன்னு சொன்னதும் இதே வாயிதானுங்களே? அன்னைக்கு வராத பரிதாபம் இன்னைக்கு எங்கிருந்துங்க வந்துச்சு?”

மெர்சி அழவில்லை. துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி ஆசிரியையின் பின்னால் நடந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சத்தியமங்கலம் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனார். மெர்சி உள்ளே இருட்டறையில் படுத்திருந்தாள். வெளியே வரவில்லை. அவளுடைய அம்மாவுக்குக் கிறிஸ்தவக் கோயிலில் வேறு பெயர், ஊருக்குக் கருப்பாத்தாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மாள் தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

“ஆனது ஆயிப்போச்சு. தலையில அடி கிடின்னு இனி வெளிய சொல்லீராதீங்க சாமி. நாளைக்குப் பொண்ணு கேட்டு வாற எடத்துல இதையே புடிச்சுக்குவாங்க.”

சரியென்று தலையாட்டிவிட்டு வந்தார். ஒருமுறை வாய் திறக்காததும் தப்பாயிற்று. ஒருமுறை திறந்ததும் தப்போ என்று இருந்தது. இப்போது திறக்கக் கூடாது என்கிறார்கள். திரும்பி வந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

அதன் பிறகும் சில போட்டிகளுக்குப் போனார். தலையில் அடிபட்டு வரும் பிள்ளைகளிடம் ஊர் என்ன, யார் யார் ஆட்டம், புள்ளி எத்தனை என்று கேட்பார். ஒருத்தி தடுமாறினாலும் ஆட்டத்தை நிறுத்தச் சொல்வார். விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். புத்தகத்தை மனப்பாடமாக அறிந்தவருக்கு அது எந்தப் பக்கத்திலும் இல்லை என்பதும் தெரியும். கூப்பிடுவது குறைந்து, பிறகு நின்றுபோனது.

தொண்ணூற்றேழில் ஒருநாள், உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பெருந்துறை பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, “ஏனுங்கண்ணா, அடையாளம் தெரியுதுங்களா?” என்று ஒரு குரல். மெர்சிதான். இளைத்திருந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, இப்போது அக்கா வீட்டிலிருந்து போய்வருவதாகச் சொன்னாள்.

“தலைவலி?”

“அந்த வருசத்தோட போச்சுங்க.”

அவருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அன்னைக்கு நான் ஆடியிருந்தா என்னாயிருக்குங்கண்ணா?”

இந்தக் கேள்வியை மூன்று வருடமாக அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. செத்துப் போயிருப்பாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளும் அதை நம்பிப் போய்விடுவாள், அவரும் தப்பித்துவிடலாம்.

“தெரியலை அம்மணி” என்றார்.

“ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கலாமுங்களா?”

“இருந்திருக்கலாம்.”

மெர்சி கோபப்பட்டதாகத் தெரியவில்லை. திருப்பூர் பஸ் வந்து நின்றது. கூட்டத்தோடு கூட்டமாகப் படியில் ஏறியவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“வெள்ளகோயில்லயே சொல்லியிருந்தீங்கன்னா, இந்தக் கேள்விய நாம ரெண்டு பேருமே கேக்க வேண்டி வந்திருக்காதுங்கண்ணா.”

நடத்துநர் விசில் கொடுத்தார். மருதாசலம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பஸ் நகர்ந்துவிட்டது.