பதினாறு நாள் தலைமறைவு

கொலை செய்யாத மனிதரைக் கொலைகாரர் என்று புத்தகம் போட்டேன். நடந்த தப்பு இதுதான். மற்றதெல்லாம் விவரம்.

முடியாத பழைய வழக்குகளைத் தோண்டுவது ஓய்வு பெற்ற நிருபர்களின் வியாதி. செத்தவர் மறுப்புக் கடிதம் போடமாட்டார், இருப்பவர் படிக்கமாட்டார் என்று ஒரு தைரியம். பேனா பிடித்தவர்களே, உங்களுக்கும் இது இருக்கும். கேளுங்கள்.

சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். முனியம்மா என்று பால்மரம் வெட்டும் பெண். புருஷன் செத்துவிட்டான், பிள்ளை இல்லை, சொந்தம் என்று யாருமே இல்லை. ஒரு காலையில் மரங்களுக்கு நடுவே மண்டை உடைந்து கிடந்தாள். நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. யாரும் பிடிபடவில்லை. நான் பிடித்தேன்.

செக்ரோல்

தோட்டத்தில் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, தினமும் புள்ளி வைக்கும் புத்தகம் செக்ரோல். அந்தத் தோட்டத்துக் கிராணி காலமாகிவிட்டார். அவர் மகள் பழைய செக்ரோலை அலமாரியில் வைத்திருந்தார். புரட்டினேன். முனியம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் வேலு, கொலை நடந்த மறுநாளிலிருந்து பதினாறு நாள் வேலைக்கு வரவில்லை. அதே அலமாரியில் ஒரு போட்டோ. அந்த மாதம் எடுத்தது. வேலு மொட்டைத் தலையோடு நிற்கிறார். அடுத்த மாதமே தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்.

ஆள் தலைமறைவு, அடையாளத்தை மாற்றியிருக்கிறான், பிறகு ஓட்டம். கதை முடிந்தது என்று புத்தகத்தை மூடினேன். வாசல் வரை வந்த கிராணியின் மகள் சொன்னார்: "அப்பா புள்ளி வெச்சா தப்பாது அண்ணே. ஆனா ஏன் வரலன்னு அவரு எழுத மாட்டாரு. அதை ஆளைத்தான் கேக்கணும்."

கேட்கவில்லை.

மாரியப்பன் கடை

ஒப்புக்கு ஒரு சாட்சி வேண்டாமா? தோட்டத்தில் முடி வெட்டியவர் மாரியப்பன். எண்பது வயது. சிடாம் கிரியில் தகரக் கொட்டகையில் இன்னும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். வாடிக்கையாளர் இல்லை என்று என்னையே அதில் உட்கார வைத்தார். வேலுவுக்கும் முனியம்மாவுக்கும் சண்டை உண்டா, ஆமா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன். அவர் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதிலிருந்து தொடங்கினார். ஆஸ்பத்திரி வண்டி வந்தது, மழை வந்தது, விறகு நனைந்தது. எனக்கு அலோர் ஸ்டார் திரும்ப வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன். எழுந்துவிட்டேன்.

நாற்காலியைத் துண்டால் தட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "இதுல உக்காந்தவன் எவனும் பாதித் தலையோட எழுந்து போனதில்ல தம்பி. நீங்கதான் மொதல் ஆளு."

அச்சகம்

மெர்கோங்கில் ஜமால் என்று பழைய சிநேகிதர். பத்திரிகையில் என்னோடு பக்கம் கட்டியவர், இப்போது சொந்த அச்சகம். என் கடைசி அத்தியாயத்துக்குத் தலைப்பு 'பதினாறு நாள் தலைமறைவு'. வேலு என்று எழுதாமல் 'வே' என்று போட்டேன். பயம்தான், வேறென்ன. அந்தத் தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் அது யார் என்று தெரியும். அதுவும் எனக்குத் தெரியும்.

ஜமால் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். என்ன என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினாறு நாள்னா உங்க ஆளுங்களுக்கு ஏதோ கணக்கு உண்டுல்ல அண்ணே?" என்றார். வேலையைப் பாரும் என்றேன். "சரி. நான் எழுத்துப்பிழை பாக்கறவன்தானே."

கலா

புத்தகம் வந்து மூன்று மாதம். ஆடி பிறந்த இரண்டாவது வாரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். சுங்கைப் பட்டாணி தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பெயர் கலா. வேலுவின் மகள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அவர்கள் குடியிருக்கும் பெண்டாங்கில், கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றுவது பல வருஷமாக அவள் அப்பாதானாம். ஆடி முதல் ஞாயிறு அவர் அகப்பையை நீட்டியபோது, 'வே' யார் என்று கேள்விப்பட்ட நாலு பேர் சொம்பைக் கையால் மூடிக்கொண்டார்களாம். அகப்பையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் அப்புறம் வாசல் தாண்டவில்லை. நான் பெயரையே போடவில்லையே அம்மா என்றேன். நாக்கு கூசவில்லை அப்போது.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "இங்கேருந்து பெண்டாங் அரை மணி நேரம்தான் லா அங்கிள். ஒரு நாள் கூட வர முடியலயா?"

பெண்டாங்

போனேன். வேலு தேநீர் கொடுத்தார். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார், நாலு வாக்கியம். முனியம்மாவுக்குக் கொள்ளி வைக்க ஆள் இல்லை. பொணம் அனாதையாகப் போகக்கூடாது என்று அவர் வைத்தார். வைத்தவர் மொட்டை போட்டு, பதினாறாம் நாள் கருமாதி முடியும் வரை வீட்டிலேயே இருந்தார். முடிந்ததும், கொலை நடந்த இடத்தில் இருக்கப் பயந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு பெண்டாங் வந்தார்.

அவர் என் தலையைத்தான் பார்த்தார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார்: "உங்கப்பாவுக்கு நீங்க மொட்டை போடலயா?"

போட்டேன். பதினாறு நாள் ஆபீஸ் போகவில்லை.

கடைசி ஞாயிறு

ஆடிக் கடைசி ஞாயிறு கோயிலில் எல்லார் முன்னாலும் மன்னிப்பை எழுதிப் படித்தேன். நாற்பது வருஷம் எழுதியவன். ஒருவர் முகமும் மாறவில்லை. அன்றைக்கு அப்படி எழுதினவர் இன்றைக்கு இப்படிப் படிக்கிறார், கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயம் என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார். நியாயம்தான். மகள் கட்டாயத்தில் வந்திருந்த வேலு, கூழ்ப் பானை அருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கலா, சிடாம் கிரியிலிருந்து ஓட்டிவந்த காடியிலிருந்து ஒரு கிழவரைக் கைபிடித்து இறக்கினாள். மாரியப்பன். என்னைத் தாண்டிப் போனார், பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "ஆத்தங்கரையில முனியம்மாவுக்காக இவன் தலையைச் சிரைச்சது நான். சொந்தக்காரன்கூட அப்படி அழமாட்டான்," என்றார். பிறகு தோள்பையிலிருந்து ஒரு சொம்பை எடுத்து வேலுவுக்கு முன்னால் நீட்டினார். "ஊத்து வேலு. நெறைய ஊத்து."

ஊற்றினார். மாரியப்பன் அங்கேயே நின்று குடித்தார். அப்புறம் அவர் பின்னால் வரிசை சேர்ந்தது. அன்றைக்குச் சொம்பை மூடிய நாலு பேரில் மூன்று பேர் அதில் இருந்தார்கள்.

முனியம்மாவைக் கொன்றது யார் என்று இன்றும் தெரியாது. நான் மூன்று வருஷம் தோண்டிக் கெடுத்ததை ஒரு சொம்புக் கூழில் சரிசெய்தவர், நான் பாதியில் எழுந்து போன நாற்காலிக்காரர் மாரியப்பன்.