புளி போட்டுத் தேய்த்த போர் விமானம்

பைபாஸ் ரோட்டில் டீசல் புகை முகத்திலடித்தால், அந்த ரோட்டுக்கடியில் புதைந்துபோன எங்கள் மோட்டார் கொட்டகைதான் நினைவுக்கு வரும். சிங்கப்பூரிலிருந்து அப்பா துண்டு துண்டாக அனுப்பிய பிளாஸ்டிக் போர் விமானத்தை அங்கே உட்கார்ந்துதான் ஒட்டினேன். சண்டைக்குப் போய்வந்ததுபோல் தெரியவேண்டுமென்று, இன்ஜின் குழாய்க் கரியை விரலால் இறக்கையில் தடவி, வாய்க்கால் வண்டலைச் சக்கரத்தில் அப்பி, கோடை லீவு முழுக்க அதைப் பழசாக்கினேன்.

அப்பா வருகிற அன்று காலையில் அம்மா, “ஃபாரின் சாமானை இப்படியா வெச்சிருப்ப?” என்று குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.

“அப்படியே புதுசா இருக்கே, நீ விளையாடவே இல்லையாம்மா?” என்று என்னிடம் கேட்ட அப்பா, நான் பதில் சொல்வதற்குள் அதைப் பெரியப்பா மகனிடம் கொடுத்தார்.

அம்மா பக்கத்தில்தான் நின்றாள்.