ஒரே மீட்டரில் இரண்டு பட்டறை

லைட் கம்பெனி ஆள் வந்தால் சொல்வதற்கென்று ராஜபாண்டியிடம் ஒரு பொய் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அதே பொய்தான். "இந்த மீட்டர்ல நான் ஒருத்தன்தான் சாப். வேற யாருமில்ல."

தாராவியில், தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், இரும்பு கடையும் லேத் பட்டறை அவருடையது. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து அது. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவர், இரும்பை மட்டும் விடவில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலப்பாளையத்து ஜெயினுலாப்தீன். பிளாஸ்டிக் சாமான் வார்ப்பதற்கு அச்சு செய்கிறவர். நான்கு வயது மூத்தவர். அவர் எடுத்த ரூமின் காகிதம் செத்துப்போன யாரோ ஒருவன் பேரில் இருந்ததால் மெஷின் ஓட்டும் கரண்ட் கிடைக்கவில்லை. ராஜபாண்டி தடுப்பில் ஓட்டை போட்டு ஒரு வயரை அந்தப் பக்கம் நீட்டினார். அந்தச் சந்தில் அது குடிக்கத் தண்ணீர் கொடுப்பது மாதிரி. சட்டத்தில்தான் குற்றம். பிடித்தால் லைனையே வெட்டிவிடுவார்கள்.

அதனால் மீட்டரைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் ராஜபாண்டி அந்தப் பொய்யைச் சொல்வார். ஜெயினுலாப்தீன் பக்கத்தில் நின்றால் அந்த நிமிஷமே கஸ்டமர் ஆகிவிடுவார். இருவருக்கும் இது மூச்சு விடுவது மாதிரி பழகிப்போனது.

தொழிலும் அப்படித்தான் பின்னிக் கிடந்தது. படம் போட்ட காகிதம் வந்தால் அதைப் பார்த்து, எந்தக் கோடு பள்ளம், எந்தக் கோடு மேடு என்று சொல்கிறவர் ஜெயினுலாப்தீன். சொன்னபடி மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுப்பவர் ராஜபாண்டி. பாய் இல்லாமல் பாண்டிக்குக் கண்ணில்லை, பாண்டி இல்லாமல் பாய்க்குக் கையில்லை என்று சந்தே சொல்லும்.

தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள், பட்டறைகளுக்கு எங்கே இடம் கிடைக்குமோ என்று எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த சமயம். ஊருக்கு வெளியே, ஐரோலியைத் தாண்டி அரசாங்கமும் ஒரு தனியார் கம்பெனியும் கூட்டாக ஆராய்ச்சிப் பூங்கா ஒன்று கட்டி முடித்திருந்தார்கள். பூங்கா என்றதும் ராஜபாண்டி ஊஞ்சலும் பூச்செடியும் என்றுதான் நினைத்தார்.

"அங்க மூளைதான்வே பூக்கும்" என்றார் ஜெயினுலாப்தீன். "படிச்ச பிள்ளைங்க புதுசு புதுசா கண்டுபிடிக்குமாம். கண்டுபிடிச்சத செஞ்சு பாக்க நம்மள மாதிரி ஆளு வேணும்லா?"

விஷயம் இதுதான். நிலம் அரசாங்கத்துடையது. கட்டடம் கட்டியதும், முப்பத்தைந்து வருஷம் நடத்தப்போவதும் கம்பெனி. நிலத்தைச் சும்மா மாதிரி கொடுத்ததற்குப் பதிலாக, பன்னிரண்டு ரூமைச் சின்னப் பட்டறைக்காரர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும் என்று ஒப்பந்தம். மனுப் போடுகிறவர் பேரில் மூன்று வருஷத்து லைட் பில் இருக்க வேண்டும்.

பில் ராஜபாண்டி பேரில்தான் இருந்தது. "பேரு உம்ம பேரா இருக்கட்டும். போறது ரெண்டு பேரும்" என்று ஜெயினுலாப்தீன் சொன்னார். அன்றைக்கே தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, லேத் இங்கே, அச்சு மேஜை அங்கே என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். ஜன்னல் பக்கம் யாருக்கு என்பதில் கடைசிவரை முடிவாகவில்லை.

பட்டறையைப் பார்க்கக் கம்பெனியிலிருந்து சாருலதா என்ற பெண் வந்தாள். பக்கத்து மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்தவள். தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. லேத்தைப் போட்டோ எடுத்தாள், மீட்டரை எடுத்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அங்கிள், இந்தக் கனெக்ஷன்ல வேற யாராவது வேலை பண்றாங்களா?"

"நான் ஒருத்தன்தான்மா. வேற யாருமில்ல."

"இவர்?"

"அவரு கஸ்டமர்."

ஜெயினுலாப்தீன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஆமாம்மா. ஒரு சாமான் கடையக் குடுத்திருக்கேன். இந்தா தாரேன், அந்தா தாரேன்னு இழுத்தடிக்காரு. என்னவே, நாளைக்காவது தருவீரா, மாட்டீரா?"

அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனாள். அவள் சந்து திரும்பியதும் இவர்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆளுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் வாங்கிக் குடித்தார்கள். ஒரு கண்டத்தைத் தாண்டிவிட்ட நினைப்பு.

பெயர்ப் பட்டியல் வந்தது. ஏழாவதாக ராஜபாண்டி பெயர். ஒரு ஆள் பட்டறைக்கான சின்ன ரூம். பன்னிரண்டாம் நாள், காகிதத்தில் கையெழுத்துப் போட அவர் ஐரோலிக்குப் போனார். ரூமைப் பார்த்தார். லேத்தை வைத்தால் சுற்றி நடக்கத்தான் இடம் இருக்கும்.

"இன்னொரு மேஜை போடலாமாம்மா? ஒருத்தர் கூட வருவாரு."

"யாரு?"

வேறு வழியில்லாமல் சொன்னார். சாருலதா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயோ அங்கிள்! அன்னிக்கு நான் அதுக்குத்தானே கேட்டேன்? தாராவில ஒரு மீட்டர்ல நாலு பேர் ஓட்டறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? கூட்டுப் பட்டறைன்னு ஃபார்ம்லயே தனி இடம் இருக்கு. ரெண்டு பேர் பேரும் எழுதியிருப்பேன். பெரிய ரூமே வந்திருக்கும்."

ராஜபாண்டி கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைப் பார்த்தார்.

"இப்பவும் டைம் இருக்கு" என்றாள் அவள். "லிஸ்ட் வந்து முப்பது நாளைக்குள்ள திருத்தம் கேக்கலாம். ஆனா பேர் வந்தவங்கதான் கேக்கணும். அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன், இவரும் என் கூட இருக்கார்னு எழுதிக் கொடுங்க."

"எழுதிக் குடுத்தா எனக்குக் கிடைச்சது போயிருமா?"

அவள் பூசி மெழுகவில்லை. "கமிட்டிதான் சொல்லணும். கவர்ன்மென்ட்லேர்ந்து மூணு பேர், எங்க பக்கம் மூணு பேர். போகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

பதினெட்டு நாள் மிச்சம் இருந்தது. அவள் கொடுத்த வெள்ளைக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார். ஜெயினுலாப்தீன் ஆவலாகக் கேட்டபோது, "ரூம் சின்னதுதான் பாய். பாப்போம்" என்று மட்டும் சொன்னார். திருத்தம் கேட்கலாம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அவர் மனைவி பானுமதிக்கு மட்டும் தெரியும். "எழுதிக் குடுத்துட்டு வாங்க. பாய் இல்லாம அங்க போயி என்னத்தக் கிழிக்கப் போறீங்க?"

"உள்ளதும் போச்சுன்னா நீ வந்து தருவியா?"

"போனா ரெண்டு பேருக்கும் போவட்டும். ஒண்ணா நிப்பீங்க."

நாளைக்குப் போகலாம் என்று ஒரு நாள். மழை என்று ஒரு நாள். அவசர வேலை என்று நாலு நாள். முதலில் உள்ளே நுழைந்துவிடுவோம், பிறகு மெதுவாகப் பாயைக் கூட்டிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு நியாயம். முப்பத்தோராம் நாள் காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது. அப்படி இருந்ததை நினைத்துத்தான் அவர் இன்றுவரை கூசிப் போகிறார்.

அப்புறம் திருத்தம் கேட்டுப் போனார். குடி போன பிறகு, எல்லாம் பத்திரமான பிறகு. பட்டியல் அரசாங்கத்திடம் போய்விட்டது, அங்கே கேளுங்கள் என்றது கம்பெனி. பூங்காவை நடத்துவது கம்பெனி, அங்கே கேளுங்கள் என்றது அரசாங்க ஆபீஸ். கட்டும்போது கைகோத்தவர்கள், ஒருத்தன் குறை சொல்லிப் போனால் ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல அவருக்கு வாயும் இல்லை. கேட்க வேண்டிய நாளில் கேட்காதவர் அவர்தானே.

பாயை வேலையாள் என்று எழுதிக் கொடுத்தால் உள்ளே வரப் பாஸ் தருவார்கள் என்றார்கள். அதைப் போய் ஜெயினுலாப்தீனிடம் சொன்னார்.

"வேலையாள்னு பாஸ் போட்டா நான் உமக்கு வேலையாள்தான்வே" என்றார் அவர். கோபமே இல்லாமல் சொன்னார். "வேண்டாம். நீரு நல்லா இரும்."

ராஜபாண்டி காலி செய்த பட்டறைக்கு வேறு ஆள் வந்தான். அவன் பக்கத்துக்கு லைன் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. மெஷின்களை விற்றுவிட்டு ஜெயினுலாப்தீன் டோம்பிவிலிப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் ஆளாகச் சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயதில் தினமும் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு.

போன மாதம் பூங்காவில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் ராஜபாண்டியிடம் ஒரு படம் கொண்டுவந்தாள். தண்ணீரைச் சோதிக்கும் சின்ன டப்பாவுக்கு மூடி. மூடிக்குள் ஒரு அடுக்கு, அதற்குள் இன்னொரு அடுக்கு. இரண்டு நாள் பார்த்தும் ராஜபாண்டிக்குப் பிடிபடவில்லை. ஏற்கெனவே இரண்டு வேலையை முடியாது என்று திருப்பியிருந்தார். வெட்கத்தை விட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டு, படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினார்.

"என்னவே, ஆராய்ச்சியாளரே!" என்றார் ஜெயினுலாப்தீன். "பெரிய எடத்துல இருக்கீரு. இது தெரியலையா? அந்தப் புள்ளி புள்ளியா ஒரு கோடு போவுதுல்லா, அது உள் பக்கம். வெளிய தெரியாது."

வரி வரியாகச் சொன்னார். பழைய கிண்டல், பழைய அதட்டல், எதிலும் குறை வைக்கவில்லை. ராஜபாண்டி பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். பாதியில் கை நின்றுவிட்டது.

"பாய், உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும். லிஸ்ட் வந்தப்ப..."

"முப்பது நாள் டைம் இருந்துச்சு. அதானே?"

ராஜபாண்டி பென்சிலைக் கீழே வைத்தார்.

"வார்டு ஆபீஸ்ல லிஸ்ட் ஒட்டியிருந்தான்லா, கீழயே போட்டிருந்துச்சு. என் மவ வாசிச்சு சொன்னா. பேரு வந்தவருதான் கேக்கணும்னு இருந்துச்சு. நான் என்ன செய்ய? நீரு வருவீருன்னு பாத்தேன்."

"நீரே என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா பாய்?"

"கேட்டு வாங்கவா? இருவத்திரெண்டு வருசம் ஒண்ணா இருந்தோம்." டிபன் டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. "கடைசி நாளு பொழுது சாயுற மட்டும் கடைய அடைக்கல. நீரும் கடைக்குள்ளதான் இருந்தீரு. லேத் சத்தம் கேட்டுச்சு."

ராஜபாண்டிக்குக் கண்ணில் படம் கலங்கியது.

"சரி, விடும். எனக்கு மணி அடிச்சிருவான்" என்றார் ஜெயினுலாப்தீன். "அந்த ரெண்டாவது அடுக்கப் பாரும். அதுல அளவு எம்புட்டு போட்டிருக்கு? சொல்லும்."

ராஜபாண்டி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அளவை வாசித்தார்.