குறடு நின்ற ஜாடி

எழுபதுகளின் நடுவில், ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்தேன். புதிதாக வந்த இரண்டு நர்ஸ்களுக்கும் ஆயாம்மாவுக்கும் கை கழுவுவதிலிருந்து ஊசி கொதிக்க வைப்பது வரை சொல்லிக் கொடுப்பது என் வேலை. சொல்லிக் கொடுப்பது என்றால் பாதி திட்டுதான்.

ஆனி மழை பிடித்துக்கொண்ட நேரம். நான் ஊசி போட்ட கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி தோள் வீங்கி வந்தாள். உள்ளே சீழ். கீறி எடுத்தோம். இரண்டு நாளில் இன்னொருத்தி. ஒரே வாரத்தில் நான்கு பேர். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டாலே அடுத்தது யாரோ என்று எட்டிப் பார்ப்பேன்.

ஊசியைக் கொதிக்க வைப்பது ஆயாம்மா. விறகெல்லாம் ஈரம், அவசரப்பட்டுப் பாதியில் எடுத்திருப்பாள் என்று நானே முடிவு கட்டினேன். நர்ஸ்கள் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசினேன். போதாததற்கு, அவளை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி மேனேஜருக்குக் கடிதமும் எழுதி வைத்தேன். வேலை போனால், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். தெரிந்தேதான் எழுதினேன்.

அவள் அழவில்லை. "சிஸ்டர், இருவது நிமிஷம் கொதிச்ச பொறவுதான் எடுக்கேன். இன்னைக்கு நீங்களே கூட நின்னு பாருங்க" என்றாள்.

கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். இருபது நிமிடமும் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊசியை எடுக்க, பீங்கான் ஜாடியில் கிருமி கொல்லும் மருந்துக்குள் நின்ற குறட்டை உருவினேன். அந்த ஜாடியை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

"கோவிச்சிக்கிடாதீங்க சிஸ்டர். மருந்து ஜாடியை தெனமும் கொட்டிக் கழுவணும்னு எங்களுக்குச் சொல்லித் தந்தீங்க. இதுல மட்டும் பழசு மேலயே ஊத்துதீங்களே?" என்றாள் ஆயாம்மா.

குனிந்து பார்த்தேன். அடியில் கொழகொழவென்று அழுக்கு படிந்திருந்தது. மழையில் மருந்து வந்து சேரத் தாமதமானதால், இருப்பதைக் கொட்ட மனமில்லாமல் மூன்று வாரமாக மேலே மேலே ஊற்றியது நான்தான். சுத்தமாகக் கொதித்த ஊசியை அந்தக் குறட்டால் எடுத்து அந்தப் பெண்களுக்குக் குத்தியதும் நான்தான்.

கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மன்னிப்புக் கேட்டபோது, "எங்கிட்ட எதுக்கு? அந்த நாலு பேருகிட்டச் சொல்லுங்க. நாந்தான் செஞ்சேன்னு லயம் பூரா பேசுதாங்க" என்றாள்.

மழையோடு மழையாகப் போய் நான்கு வீட்டு வாசலிலும் நின்று சொன்னேன். கடைசி வீட்டுப் பெண் கட்டுப் போட்ட தோளை என் பக்கம் திருப்பினாள். "அப்ப இனிமே நீங்களே வந்து கட்டு மாத்துங்க."

ஆறும்வரை தினமும் போய் மாற்றினேன். அதன் பிறகு எத்தனையோ நர்ஸ்களுக்குப் பாடம் நடத்திவிட்டேன். முதல் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் இன்றும் எனக்கு முகம் சுடுகிறது, சுடட்டும் என்றுதான் சொல்கிறேன்.