பெஞ்சுக்கு அடியில் பூவெங்காயம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போடுகிறவள் சாயங்காலம் எப்படி வீடு வந்து சேர்வாள் என்பது அந்த வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். கால் இரண்டும் தன்னுடையதாகவே இருக்காது. கூடத்தில் எல்லோரும் இஸ்திரியக்கா என்று கூப்பிடும் அவளும் இருபது வருஷமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொல்லைப்புறம் போவாள். அங்கே மதில் ஓரத்தில் ஒரு பாத்தி. அதை ஒரு பார்வை பார்த்த பிறகுதான் அடுப்பு, பாத்திரம் எல்லாம்.

பாத்தியில் இருந்தது பூவெங்காயம். சமையல் வெங்காயத்துக்குப் பங்காளிதான், ஆனால் சட்டிக்குப் போகிற சாதி இல்லை. நீளத் தண்டின் நுனியில் பந்து பந்தாகப் பூக்கிற சாதி. ஒரு நாள் அழுக்கு விரிப்புகளோடு எந்த நோயாளியுடையதோ ஒரு காய்ந்த பூங்கொத்தும் சுருண்டு வந்துவிட்டது. விரிப்பை உதறினாள். கறுப்பு விதைகள் பொலபொலவென்று கொட்டின. பூ என்ன நிறத்தில் இருந்தது என்று சொல்ல அந்தச் சருகில் ஒன்றும் மிச்சமில்லை. குப்பையில் போட மனசு வராமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

போனில் தேடிப் பார்த்து, ஈரக் காகிதத்தில் சுற்றி, ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு விதைத்தாள். குளிர் பட்டால்தான் அந்த மகராஜ விதை கண் திறக்குமாம். முதல் வருஷம் புல் மாதிரி ஒற்றை இழை. அடுத்த வருஷம் இன்னொன்று. கோடை வந்தால் இலையெல்லாம் மஞ்சளாகி மடிந்து பாத்தியே மொட்டையாகிவிடும். செத்துப்போகவில்லை, வெங்காயம் மண்ணுக்குள் தூங்குகிறது. பூவைப் பார்க்க நாலைந்து வருஷம் ஆகும் என்றார்கள். ஆகட்டுமே என்றிருந்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போயாயிற்று. புருஷனோ லாரி ஓட்டுகிறவர்; எப்போதாவது வந்து, தூங்கி எழுந்து போய்விடுவார். அவளுக்கென்று எதிர்பார்க்க வேறு என்ன இருந்தது? அந்தப் பூ என்ன நிறம் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது கோடையில் லாரிக்காரரின் இடுப்பு மக்கர் பண்ணி, ஒரேயடியாக வீட்டோடு வந்து சேர்ந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். ஒழுகுகிற குழாயைச் சரி பண்ணுகிறேன் என்று உடைத்தார். கதவைச் செதுக்குகிறேன் என்று அதைப் பூட்டவே முடியாமல் செய்தார். அவளோ உடைந்த குழாய்க்கு அடியில் வாளியை வைத்துவிட்டு உள்ளே போனாள். சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

ஒரு நாள் வேலை விட்டு வந்தவளைக் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் அழைத்துப்போனார். பாத்தி இருந்த இடத்தில் சிமெண்ட் பெஞ்சு. செங்கல் அடுக்கி, பூசி, ஓரமெல்லாம் வழவழவென்று தேய்த்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் கைபட்டு உருப்படியான முதல் காரியம் அதுதான்.

"கால் கடுக்குதுன்னு தெனமும் சொல்றியே. வந்ததும் இங்கதான வந்து நிக்கிற? இனிமே உக்காந்துக்க. ரெண்டு பேருக்கும் எடமிருக்கு."

உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே அழுதாள்.

"என்ன, ரொம்ப வலிக்குதா?"

"இதுக்கு அடியில வெங்காயம் இருக்குங்க."

"வெங்காயமா? வெறும் மண்ணுதான இருந்துச்சு. மேலாப்புல கொத்தி மட்டம் பண்ணேன், ஒண்ணையும் காணோமே."

விதை வந்த கதை, ஃபிரிட்ஜ், கோடைத் தூக்கம், நிறம் எல்லாவற்றையும் சொன்னாள். விதையில் வந்த வெங்காயம் வருஷத்துக்கு வருஷம் தன்னைத்தானே ஆழத்துக்கு இழுத்துக்கொள்ளும், மேலாகக் கொத்தினால் தெரியாது என்றும் சொன்னாள்.

"இத்தன வருஷமா வளக்கற. வாயத் தொறந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்றதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அசதியாகச் சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று பட்டது. அன்றைக்கு இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் வந்தபோது பெஞ்சில் பாதி இல்லை. சம்மட்டி ஒரு பக்கம் கிடந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, தோண்டிய மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு டப்பா மூடியில் கொண்டைக்கடலை அளவிலும் பூண்டுப் பல் அளவிலும் வெங்காயங்கள்.

"அது மாவு சலிக்கிற சல்லடைங்க."

"கழுவிக் குடுத்துடறேன். மிச்சப் பாதிய உடைக்க இடுப்பு விடல." ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதுல சின்னதா ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கே, பிச்சுடட்டுமா?"

"வேணாம். அது குட்டி. பக்குவமானா தானா விடும்."

குழாயடியில் புதுப் பாத்தி போட்டார்கள். எது தலை, எது கால் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டு ஊன்றினார். அதன்பிறகு மிச்சமிருந்த பாதி பெஞ்சில் சாயங்காலம் அவள் உட்காருவாள். அவர் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குளிர் வந்து போயிற்று. இலை வந்தது. இடம் மாறிய கோபத்தில் இந்த வருஷம் பூக்காது என்று அவள் ஆசையை மூட்டை கட்டிவிட்டாள். உறைக்குள் மூடிய மொட்டோடு ஒரே ஒரு தண்டு எழும்பியபோதும் அது விரியும் என்று அவள் நம்பவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சலவைக்கூட வாசலில் அவர் வந்து நின்றார். இந்த இருபது வருஷத்தில் அந்த வாசலை மிதிக்காத மனுஷன். எந்தப் பிள்ளைக்கு என்னவோ என்று இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒரு மொட்டு வெடிச்சிருக்கு. சீக்கிரம் கெளம்பு, வாடிடப் போகுது."

"அது ரெண்டு மூணு வாரம் நிக்குமுங்க. இதுக்கா இடுப்பப் புடிச்சிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

அவளால் சாயங்காலம்வரை பொறுக்க முடியவில்லை. "என்ன நெறம்?"

"பாக்கல. உறை கிழிஞ்சிருக்கறது தெரிஞ்சதும் மூஞ்சத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். இத்தன வருஷம் காத்தவ நீ. உனக்கு முன்னாடி நான் பாத்தா நல்லாவா இருக்கும்?"

அவளுக்கு இன்னும் ஒரு வண்டி விரிப்பு பாக்கி இருந்தது. உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அவர் வாசல்படியில் மெள்ள உட்கார்ந்து, அவள் வேலை முடியக் காத்திருந்தார்.